எலுமிச்சைத் தோட்டத்துக்கு எந்த கேமரா? வயலுக்கும் அலுவலகத்துக்கும் போட்டோ கருவிகள் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எலுமிச்சை மரத்தில் ஒரு கிளை மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது. செல்போனில் ஒரு படம் எடுத்து, தெரிந்த உரக்கடைக்காரருக்கோ, வேளாண் அலுவலருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். "துத்தநாகப் பற்றாக்குறை மாதிரி தெரியுது. நுண்ணூட்டம் தெளிச்சுப் பாருங்க" என்று பதில் வருகிறது. தெளிக்கிறீர்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் பக்கத்து மரத்திலும் அதே மஞ்சள். வந்திருப்பது பற்றாக்குறை அல்ல, கிரீனிங் நோய். அந்த நோய்க்கு மருந்து கிடையாது. பாதித்த மரத்தை அகற்றி, நோயைப் பரப்பும் சைலிட் பூச்சியைக் கட்டுப்படுத்துவதுதான் ஒரே வழி. இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். வெறும் சத்துக் குறைபாட்டை நோய் என்று நினைத்து, நன்றாகக் காய்க்கிற மரத்தை வெட்டிவிடவும் கூடும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இலையிலேயே இருக்கிறது. துத்தநாகக் குறை என்றால் இலையின் நடு நரம்புக்கு இருபுறமும் மஞ்சள் ஒரே மாதிரி இருக்கும்; நரம்புகள் பச்சையாகவும், நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் தெரியும். கிரீனிங் என்றால் திட்டுத்திட்டான மஞ்சள், நரம்புகளைத் தாண்டிப் பரவியிருக்கும்; இடது பாதியும் வலது பாதியும் ஒத்துப்போகாது. ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் பாதி இலைதான் இருந்தது. மீதி வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. பார்த்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எலுமிச்சைக்குப் பேர்போன, புவிசார் குறியீடும் பெற்ற புளியங்குடி வட்டாரத்தில் இன்று பெரும்பாலான விவசாயிகளிடம் கேமரா உள்ள செல்போன் இருக்கிறது. 'நல்ல படம் வேண்டுமென்றால் விலை கூடிய போன் வேண்டும், இல்லாவிட்டால் பெரிய கேமரா வேண்டும்' என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. தோட்ட வேலைக்குத் தேவையான பல கருவிகள் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கேமராவை அந்தப் பட்டியலில் கடைசியில் வைத்துக்கொண்டால் போதும். ஏன் என்று பார்ப்போம். 

முதலில், படம் எதற்கு?

தோட்டத்தில் படம் எடுப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, நோய், பூச்சி, சத்துக் குறைபாட்டை மற்றவருக்குக் காட்டி ஆலோசனை பெறுவது. இரண்டு, யானை, காட்டுப்பன்றி, மழை, காற்றால் வந்த சேதத்துக்கு ஆதாரம் வைத்துக்கொள்வது. மூன்று, காயை விற்பது. அலுவலகத்தில் இதனுடன் பட்டா, சிட்டா, ரசீது போன்ற ஆவணங்களைப் படமாக்கும் வேலையும் சேரும். ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு. நோய்க்கு நெருக்கமும் சரியான நிறமும் வேண்டும். சேதத்துக்கு இடமும் தேதியும் அளவும் வேண்டும். விற்பனைக்கு நிறமும் நேர்மையும் வேண்டும். உங்களுக்கு எந்த வேலை அதிகம் என்று முடிவு செய்த பிறகே பணத்தை எடுங்கள்.

இருக்கும் போனே போதுமா?

கடையில் போன் வாங்கும்போது 50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல் என்பார்கள். இந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். 50 மெகாபிக்சல் போன்கள் பெரும்பாலும் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, சுமார் 12 மெகாபிக்சல் படமாகத்தான் சேமிக்கின்றன. இலையைக் காட்ட அதுவே தாராளம். விலை குறைந்த போன்களில் தனியாக '2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா' இருக்கும். அதைவிட அந்தப் போனின் முதன்மைக் கேமராவில் எடுத்த படம்தான் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

வாங்கும் முன் கடையிலேயே செய்து பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தை மேசையில் வைத்து, போனால் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கிப் படம் எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி, நாணயத்தில் உள்ள ஆண்டு எண் கூர்மையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தப் போன் இலைக்குப் போதும். மங்கலாக இருந்தால் போனைச் சற்றுப் பின்னால் இழுத்து, 2 மடங்கு ஜூம் வைத்து மறுபடி எடுத்துப் பாருங்கள். பல போன்களில் பொருளை ஒட்டி எடுப்பதைவிட இப்படி எடுப்பதே தெளிவாக வரும். முகத்தோடு முகம் ஒட்டியதுபோல இலையை நெருங்கினால், போனால் ஃபோகஸ் செய்ய முடியாது.

மற்ற மூன்றையும் கவனியுங்கள். நண்பகல் வெயிலில் திரை தெரிகிறதா என்று கடைக்கு வெளியே வந்து பாருங்கள். மழை, தூசியைத் தாங்கும் 'ஐபி' மதிப்பீட்டைக் கேளுங்கள். ஐபி68 என்றால் முதல் எண் தூசி உள்ளே போகாது என்பதையும், இரண்டாவது எண் தண்ணீரில் மூழ்கினாலும் குறிப்பிட்ட அளவு தாங்கும் என்பதையும் குறிக்கும். இரண்டாவது எண் 3 அல்லது 4 என்றால் மழைத்துளி, தெறிக்கும் தண்ணீர் வரைதான் தாங்கும். குற்றாலச் சாரல் காலத்தில் தோட்டத்தில் நிற்பவருக்கு இது முக்கியம். மூன்றாவது, சேமிப்பு இடம். படம் எடுப்பவருக்கு அது எப்போதும் பற்றாது.

'அழகாக்கும்' வசதியை நிறுத்துங்கள்

இன்றைய போன்களில் கேமரா தானாகவே காட்சியை அடையாளம் கண்டு நிறத்தைக் கூட்டும் வசதி இருக்கிறது. செடியைப் பார்த்தவுடன் பச்சையை இன்னும் பச்சையாக்கிவிடும். படம் கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் நீங்கள் காட்ட நினைத்த வெளிர் மஞ்சள் அதில் அடிபட்டுப் போகும். கேமரா அமைப்புகளில் 'ஏஐ', 'சீன் ஆப்டிமைசர்' போன்ற பெயரில் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஃபில்டர் எதுவும் போடாதீர்கள்.

சில நூறு ரூபாயில் அடங்கும் கருவிகள்

ஸ்டீல் ஸ்கேல்: 15 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். படத்தில் பக்கத்தில் ஸ்கேல் இல்லாவிட்டால், புள்ளி 2 மில்லிமீட்டரா, 1 சென்டிமீட்டரா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. 

சாம்பல் நிற அட்டை: இலைக்குப் பின்னால் வைக்க ஒரு சாம்பல் அல்லது கறுப்பு அட்டை. வெள்ளைத் தாள் பெரிதாக இருந்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்து இலையைக் கருப்பாக்கிவிடும். ஆனால் ஒரு ஓரத்தில் விரல் அகலத்தில் வெள்ளைத் தாள் தெரிந்தால் நல்லது. அந்த வெள்ளை, படத்திலும் வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறங்களையும் நம்பலாம்.

கறுப்புக் குடை: நேரடி வெயிலில் எலுமிச்சை இலை பளபளக்கும்; மஞ்சள் தெரியாது. குடை பிடித்து நிழல் உண்டாக்கி எடுங்கள். நீலக் குடையும், பச்சை நிழல்வலையும் வேண்டாம். அவற்றின் நிறம் இலையில் ஏறிவிடும். காலை 10 மணிக்கு முன்போ, மாலை 4 மணிக்குப் பின்போ, அல்லது மேகம் மூடிய நேரத்திலோ எடுத்தால் குடையே வேண்டாம்.

10 மடங்கு கைலென்ஸ்: விவசாயிகள் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய கருவி. சைலிட் பூச்சி 3 முதல் 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். கொழுந்தில் தலையைத் தாழ்த்தி, உடலின் பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் அதன் அடையாளம். கைலென்ஸைப் போன் கேமராவின் மேல் நேராக ஒட்டிப் பிடித்து, பூச்சியிலிருந்து சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒரு இடத்தில் பளிச்சென்று தெரியும். கிளிப்போடு வரும் மேக்ரோ லென்ஸும் இதே வேலையைச் செய்யும். வாங்கும்போது ஓரம் மங்கலாகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிலந்திப் பேன் போன்றவற்றுக்கு இதைவிடக் கூடுதல் உருப்பெருக்கம் தேவைப்படும்.

துணி கிளிப்பும் குச்சியும்: ஆடி மாதக் காற்றில் இலை ஆடிக்கொண்டே இருக்கும். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி போனில் இருந்தாலும், இலையின் ஆட்டத்தை அதனால் நிறுத்த முடியாது. ஒரு குச்சியை மண்ணில் ஊன்றி, கிளிப்பால் கிளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்தி, அவற்றில் கூர்மையானதை வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோஃபைபர் துணி: லென்ஸில் மருந்துத் தெளிப்பின் ஈரமும், எலுமிச்சைச் சாறும், விரல் எண்ணெயும் படிந்திருக்கும். மங்கலான படத்துக்கு இதுவே பல நேரம் காரணம். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு எடுங்கள். 

ஒரு மரத்துக்கு ஆறு படம்

ஆலோசனை கேட்டு அனுப்பும்போது ஒரு படம் போதாது. இந்த வரிசையில் எடுங்கள்.

1. தோட்டம் முழுவதும். பாதிப்பு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தெரியட்டும்.
2. பாதித்த மரம் முழுவதும். ஒரு கிளை மட்டுமா, மரம் முழுவதுமா என்பது முக்கியம். கிரீனிங் நோய் பெரும்பாலும் ஒரு கிளையில்தான் தொடங்கும்.
3. அந்தக் கிளை. கொழுந்து இலையும், முற்றிய இலையும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். 
4. ஒரு முற்றிய இலையின் மேல்புறம், நுனி முதல் காம்பு வரை, இரு பாதியும் தெரிய, பக்கத்தில் ஸ்கேலுடன்.
5. அதே இலையின் அடிப்புறம்.
6. அதே இலையை வானத்தை நோக்கிப் பிடித்து, ஒளி ஊடுருவும்படி. (சூரியனை நேராக நோக்கி எடுக்காதீர்கள்.)

ஆறாவது படத்தைப் பலரும் எடுப்பதில்லை. சொறி நோய் என்றால் மேடான, சொரசொரப்பான புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரியும். ஒளிக்கு எதிரே பிடித்தால் அந்த வளையம் இன்னும் தெளிவாகத் தெரியும். டிரிஸ்டீசா வைரஸ் தாக்கிய எலுமிச்சையின் இளம் இலையில் நரம்புகள் இடையிடையே வெளுத்து, ஒளி ஊடுருவுவதுபோல் இருக்கும். சாதாரணமாகப் பார்த்தால் அது கண்ணில் படாது. காயில் அறிகுறி இருந்தால் அதையும் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தோடு எடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கிரீனிங் தாக்கிய மரத்திலும் துத்தநாகக் குறைபாடு போன்ற தோற்றம் கொழுந்தில் வரும். அதனால்தான் முற்றிய இலை வேண்டும் என்கிறோம். படம் சந்தேகத்தைக் குறைக்கும். உறுதிசெய்வது ஆய்வகப் பரிசோதனைதான். ஒரு மரத்தை வெட்டும் முடிவைப் படத்தை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். எலுமிச்சைக்கென்றே வன்னிக்கோனேந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே மாதிரியோடு இந்த ஆறு படங்களையும் காட்டினால் பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும். கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் ஆலோசனை கேட்கலாம்.

படத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சொறி நோய் மழைத்துளி, காற்று, கருவிகள் வழியாகப் பரவும். நோய் இலையைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்க் காட்டுவதைவிட, படத்தைக் காட்டுவதே பாதுகாப்பு. மாதிரி எடுத்துச் செல்ல வேண்டுமென்றால் பாலித்தீன் பையில் இறுக்கி மூடி எடுத்துச் செல்லுங்கள். கத்தரிக்கோலைக் கழுவாமல் அடுத்த மரத்தைத் தொடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் விதம்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த இடம், நேரம் போன்ற உள்விவரங்களும் போய்விடும். ஃபோகஸ் எல்லாம் சரியாக எடுத்துவிட்டு அனுப்பும்போது கெடுத்துக்கொள்வது இப்படித்தான். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் கோப்பாக அனுப்புங்கள். எடுத்தது எடுத்தபடி போகும். கூடவே மரத்தின் வயது, கடைசியாகத் தெளித்த மருந்து, உரம், தண்ணீர் விடும் இடைவெளி ஆகியவற்றையும் எழுதி அனுப்புங்கள்.

சேதத்துக்கு ஆதாரம்

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத் தோட்டங்களில் யானையும் பன்றியும் வந்துபோவது புதிதல்ல. காலையில் ஒடிந்த கிளையைப் பார்த்ததும் சுத்தம் செய்யத் தோன்றும். முதலில் படம் எடுங்கள். சேதமான மரங்கள், தோட்டத்தின் அடையாளம் தெரியும் ஒரு தொலைவுப் படம், கால்தடத்தின் பக்கத்தில் ஸ்கேல் அல்லது தெரிந்த அளவுள்ள பொருள் வைத்து ஒரு படம், நடந்துகொண்டே ஒரு காணொளி. இவை இருந்தால் வனத்துறை அலுவலர் வரும்போது பேசுவது எளிது. பயிர்க் காப்பீடு செய்திருந்தால், ஆலங்கட்டி மழை, வெள்ளம் சூழ்தல் போன்ற இடம் சார்ந்த சேதங்களை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை படத்திலேயே பதியும் 'ஜிபிஎஸ் கேமரா' செயலிகள் கிடைக்கின்றன. போனில் இருப்பிட வசதியை இயக்கி, மரத்தடியை விட்டு வெட்டவெளிக்கு வந்து, இடம் சரியாகக் காட்டும்வரை சில நொடி பொறுத்து எடுங்கள். எடுத்த மூலப் படத்தை அழிக்காதீர்கள், திருத்தாதீர்கள்.

தனிக் கேமரா யாருக்கு?

ஒரு விவசாயிக்குத் தனிக் கேமரா தேவையில்லை. ஆனால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், நாற்றங்கால், களப்பணியாளர் போல நாள்தோறும் பல தோட்டங்களைப் பார்ப்பவர்கள் யோசிக்கலாம். 

களத்துக்கு ஏற்றது, கரடுமுரடான பயன்பாட்டுக்கென்றே வரும் சிறிய கேமரா. ஒலிம்பஸ் டஃப் டிஜி-6, அதற்குப் பின் 2023-ல் வந்த ஓஎம் சிஸ்டம் டிஜி-7 ஆகியவை இதற்கு உதாரணம். இவை 15 மீட்டர் ஆழம்வரை தண்ணீரைத் தாங்கும். லென்ஸிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ள பூச்சியையும் ஃபோகஸ் செய்யும். மழைக்கும் சேற்றுக்கும் பயப்பட வேண்டியதில்லை. கழற்றி மாட்டும் லென்ஸுள்ள பெரிய கேமராவும் தனி மேக்ரோ லென்ஸும் படத்தரத்தில் மேல்தான். ஆனால் விலை அதிகம், எடை அதிகம். முள் நிறைந்த எலுமிச்சை மரத்துக்குள் தூக்கிக்கொண்டு நுழைவதும் கடினம். அலமாரியில் கிடக்கும் நல்ல கேமராவைவிட, சட்டைப்பையில் இருக்கும் சுமாரான கேமராவே பயன்படும்.

அலுவலக மேசையில்

இங்கே காற்று இல்லை, அவசரம் இல்லை. கேமராவைவிட விளக்குதான் முக்கியம். வடக்குப் பார்த்த ஜன்னலோரம் ஒரு மேசை கிடைத்தால் பகலில் விளக்கே வேண்டாம். இல்லையென்றால் ஒரே நிறுவனத்தின், ஒரே நிறமுள்ள எல்இடி பல்புகள் இரண்டை வாங்கி, இருபுறமும் சாய்வாக வையுங்கள். அட்டைப்பெட்டியில் 'சிஆர்ஐ 90' அல்லது அதற்கு மேல் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு அது. ஒருபுறம் ஜன்னல் வெளிச்சம், மறுபுறம் மஞ்சள் பல்பு என்று கலந்தால் பச்சைக் காயும் பழுத்ததுபோல் தெரியும்.

சார்ட் பேப்பர் ஒன்றைச் சுவரிலிருந்து மேசைவரை மடிப்பில்லாமல் வளைத்துப் போட்டால் பின்னணி தயார். போனை ஒரு சிறிய முக்காலியில் பொருத்தி, 3 நொடி டைமர் வைத்து எடுங்கள். வெளியூர் வியாபாரிக்குக் காய் அனுப்பும் முன் நான்கு படம் போதும்: தரம் பிரித்த காய்களின் குவியல், ஸ்கேலுடன் ஒரு காய், தராசில் ஒரு கிலோவுக்கு எத்தனை காய் என்று காட்டும் படம், தோலின் கனமும் சாறும் தெரியும் வெட்டுமுகம். நல்ல காயை மட்டும் மேலே வைத்து எடுக்காதீர்கள். படத்தில் இருந்த காய் மூட்டையில் இல்லை என்றால் அடுத்த முறை உங்கள் படத்துக்கே மதிப்பில்லை.

ஆவணங்களுக்கு, போனைத் தாளுக்கு நேர் மேலே பிடிக்கும் ஸ்டாண்ட் போதும். ஸ்கேன் செயலியில் எடுத்து பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். நிழல் விழாமல் பாருங்கள்.

சேமிப்பும் பராமரிப்பும்

கோப்புறைக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், தேதி, சர்வே எண், மரத்தின் எண் என்ற வரிசையில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதே மரத்தை அதே இடத்தில் நின்று எடுத்துவந்தால், தெளித்த மருந்து வேலை செய்ததா என்று ஊகிக்க வேண்டியதில்லை. படங்கள் போனில் மட்டும் இருக்க வேண்டாம். கணினி அல்லது ஹார்டு டிஸ்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று எனப் பிரதி இருக்கட்டும்.

சாரல் காலத்தின் ஈரத்தில் கேமரா லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருங்கள். ஏசி அறையிலிருந்து தோட்டத்துக்குப் போனதும் லென்ஸ் வியர்த்தால் துடைத்துக்கொண்டே இருக்காமல் கால் மணி நேரம் பொறுங்கள். மருந்து தெளித்த கையோடு போனைத் தொடாதீர்கள். அந்தப் போனைத்தான் பிறகு காதில் வைக்கிறோம்.

எந்த வரிசையில் வாங்கலாம்?

முதலில் ஸ்கேல், அட்டை, துணி, கிளிப். அடுத்து 10 மடங்கு கைலென்ஸ். பிறகு முக்காலியும் பவர்பேங்கும். அலுவலகம் இருந்தால் இரண்டு நல்ல பல்பு. இவற்றை ஒரு பருவம் பயன்படுத்திப் பார்த்த பிறகும் படம் போதவில்லை என்றால் போனை மாற்றுங்கள். குழுவாக இருந்தால் பொதுவில் ஒரு கேமரா வாங்குங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தோட்டத்தில் சந்தேகமாக இருக்கும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன ஆறு படங்களையும் எடுத்துப் பாருங்கள். முற்றிய இலையின் இரு பாதியையும் ஒப்பிடுங்கள். ஒரே மாதிரி இருந்தால் நுண்ணூட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் தாமதிக்காமல் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கிளம்புங்கள்.